புடவைப் படத்தில் மாநிறமும் கருப்பும்: வெளுக்காமல் எடுக்கும் முறை

பார்சலைப் பிரித்தவர் “படத்துல வேற கலரா இருந்துச்சே” என்று புடவையைத் திருப்பி அனுப்பினால், நெய்தவர் மேலும் சாயம் போட்டவர் மேலும் பழி விழும். பல நேரம் கோளாறு மாடலின் முகத்தில் தொடங்கியிருக்கும். மாநிறப் பெண்ணை நிறுத்தி எடுத்த படத்தில் முகம் “பளிச்னு” வர வேண்டும் என்று எக்ஸ்போஷரையோ (கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவு), எடிட்டிங்கில் கர்வ்ஸையோ (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கோடு) தூக்குகிறார்கள். முகத்தோடு சேர்ந்து அரக்கு சிவப்பாகிறது, பாட்டில் பச்சை கிளிப்பச்சையாகிறது, ஜரிகை வெறும் மஞ்சள் பட்டையாகிறது. தோலின் நிறம் சரியாக வந்த படத்தில்தான் துணியின் நிறமும் சரியாக வரும். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது என்பதை முதலாளிக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இது கேமராவுக்குள்ளேயே ஊறிப்போன பழைய கோளாறு. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. பழுப்பு நிறங்கள் சரியாக வராதது பற்றி மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகுதான் பிலிமில் திருத்தம் வேகம் பிடித்தது என்பது இதில் கசப்பான பகுதி. இன்று சென்சார் எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் மொபைலின் ‘பியூட்டி’ பொத்தானும் எடிட்டிங் ஆப்பின் தயார் ஃபில்டர்களும் பழைய பழக்கத்தை இன்னும் விடவில்லை.

வெளிச்சம்

எந்த நிறத் தோலானாலும் அதன் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்தை அப்படியே கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போகும். வெளிர் தோலில் உள்ளே போனதில் நிறைய வெளியே வந்துவிடும். கருப்புத் தோலில் மெலனின் அதை விழுங்கிக்கொள்ளும். அதனால் கருப்பு முகத்தில் கன்னம், மூக்கு, தாடை ஆகியவற்றின் வடிவத்தைக் காட்டுவது அந்த மேற்பரப்புப் பளபளப்புதான். பளபளப்பைப் பகையாக நினைத்து அப்படியே பவுடர் பூசி அடக்கினால் முகம் சாம்பல் பூத்துத் தட்டையாகும். பளபளப்பு இருக்க வேண்டும், ஆனால் பரவலாக இருக்க வேண்டும். அதற்குத் தேவை விளக்கின் வலு இல்லை, விளக்கின் பரப்பு.

ஸ்டுடியோவில் என்றால் 120 செ.மீ.க்குக் குறையாத சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் வெள்ளைத் துணி மாட்டிய பெட்டி), முகத்துக்கு 45 பாகையில், தலைக்குக் கொஞ்சம் மேலே. கடையின் மாடியில் எடுப்பவர்களுக்கு நேர்வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். வடக்கு ஜன்னல் இருந்தால் நல்லது. ஜன்னலில் இருந்து 3, 4 அடி தள்ளி மாடலை நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஆளுயர தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தவும். முகம் தட்டையாக வந்தால் தெர்மாகோலை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணி கட்டிப் பாருங்கள். கன்ன எலும்பு உடனே எழும். வெள்ளி ரிஃப்ளெக்டர் நெற்றியில் திட்டுத் திட்டாக விழும். தங்க ரிஃப்ளெக்டரைத் தொடவே வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் அது ஓடும்; விற்கிற புடவையின் நிறத்தை அது கெடுக்கும்.

விளக்கின் தூரத்தை வைத்து ஒரு வேலை செய்யலாம், பலர் இதைச் செய்வதில்லை. தந்த நிறப் புடவை, நல்ல கருப்பு மாடல்: முகத்துக்குச் சரியாக வைத்தால் புடவை வெளுத்துப்போகும், புடவைக்கு வைத்தால் முகம் இருண்டுபோகும். இங்கே விளக்கைத் தலை மட்டத்தில் 4 அடிக்குக் கொண்டுவாருங்கள். தலைக்கு 4 அடி என்றால் பாதத்துக்கு ஏறத்தாழ 6½ அடி. அங்கே வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப்புக்குக் கிட்டக் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). முகம் தெளியும், கொசுவத்தின் மடிப்பும் தெரியும். போதவில்லை என்றால் சாஃப்ட்பாக்ஸின் கீழ்ப்பாதியில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடலாம். அதற்கு நேர்மாறாக அடர்நீலம், கறுப்பு, அரக்கு புடவைகளுக்கு விளக்கை 8 அடிக்குத் தள்ளுங்கள். அப்போது தலைக்கும் பாதத்துக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்தான், கரை வரை துணி தெரியும். தள்ளும்போது விளக்கு சின்னதாகிவிடும் என்பதால் பெரிய பாக்ஸாக மாற்ற வேண்டியிருக்கும்.

கூந்தலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கறுப்புக் கூந்தல் இருண்ட பின்னணியில் கரைந்துபோகாமல் இருக்க, பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு, முன்விளக்கைவிட ஒரு ஸ்டாப் குறைவாக. கூட வைத்தால் தலையைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்ட மாதிரி ஆகும்.

எல்இடி பேனல் வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற எண்) மட்டும் பார்க்காதீர்கள், ஆர்9 என்ற எண்ணையும் கேளுங்கள். அது ஆழ்ந்த சிவப்பை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்வது. பழுப்புத் தோலுக்கும் குங்குமச் சிவப்புப் பட்டுக்கும் அதுதான் உயிர். ஆர்9 குறைந்த விளக்கில் மாநிறம் பச்சை தட்டும். அதை எடிட்டிங்கில் சரிசெய்யப் போனால் சிவப்புப் புடவை ரோஸாகும். சிஆர்ஐ 95-க்கு மேல், ஆர்9 90-ஐ ஒட்டி இருப்பதை எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது கடையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பச்சை பெயின்ட் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள்.

எக்ஸ்போஷர்

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பின்னணி, சந்தன நிறப் புடவை என்றால் படத்தையே இருட்டாக்கும், மாடலின் முகம் கரியாகும். “கருப்பா இருக்கிறவங்க போட்டோவுக்கு எடுக்க மாட்டாங்க” என்ற பேச்சு பிறந்தது இந்த இடத்தில்தான். கறுப்புப் பின்னணி, அரக்குப் புடவை என்றால் எல்லாம் வெளுக்கும். ஆகவே ஆட்டோவை விட்டுவிடுங்கள்.

மேனுவலில் வைத்து, 18 சதவீதச் சாம்பல் அட்டையை மாடலின் தாடைக்குக் கீழே, விளக்கைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி, ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) அளவு எடுங்கள். அந்த அளவைப் பூட்டி எடுத்தால் மாநிறத் தோல் அட்டையின் அளவை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ விழும். நல்ல கருப்பு ஒரு ஸ்டாப் வரை கீழே விழும். கீழே விழுவது தவறு இல்லை, அதுதான் அந்தத் தோல். மிகக் கருப்பான தோலுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் கூடக் கொடுத்து ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்தால் நிழலில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான பிசிறு, ஏறாது, பிறகு இறக்கிக்கொள்ளலாம். அதே விளக்கில் 24 கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். விளக்கை நகர்த்தினால் அட்டைப் படத்தையும் புதிதாக எடுக்க வேண்டும். இதை மறப்பதால்தான் ஒரே நாளில் எடுத்த நாற்பது புடவையும் நாற்பது விதமாக வருகிறது.

ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருளும் வெளிச்சமும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, ஆரஞ்சுப் பட்டில் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும், மொத்தக் கோடு நன்றாக இருப்பதாகக் காட்டும். துணியின் நெசவு மறைந்து பிளாஸ்டிக் மாதிரி ஆவதற்குக் காரணம் அதுதான். நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு அளவுகோல் மல்லிகைப்பூ. கருங்கூந்தலில் வைத்த சரத்தில் இதழ் இதழாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. ஒரே வெள்ளைப் பிசினாகத் தெரிந்தால் கூடிவிட்டது.

மொபைலில் எடுப்பவர்கள் முதலில் செட்டிங்கில் போய் பியூட்டி, ஸ்மூத், பிரைட்டன் எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்குங்கள். சில மொபைல்களில் அது வாங்கும்போதே போட்டிருக்கும். முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், சூரியன் படம் போட்ட கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்கள். 8, 10 அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் முகம் பெருத்துக் கால் சிறுக்கும்.

வெளிர் நிற மாடலும் கருப்பு மாடலும் சேர்ந்து நிற்கும் படத்தில் கருப்பாக இருப்பவரை விளக்குப் பக்கம் நிறுத்துங்கள். சட்டத்தின் நடுவிலும் முன்னாலும் எப்போதும் சிவப்பாக இருப்பவர்தான் நிற்கிறாரா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தோழி வேடம் யாருக்குப் போகிறது என்பது வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை.

மேக்கப்

சுருக்கமாக. ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தேய்த்துப் பார்க்காமல் தாடையோரம் மூன்று ஷேடில் மூன்று கோடு போட்டுப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எது காணாமல் போகிறதோ அதுதான் சரி. ஒரு ஷேட் வெளிறினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகும், எடிட்டரும் முகத்துக்கு ஏற்பக் கையை வெளுக்கத் தொடங்குவார். டைட்டானியம் டையாக்ஸைடோ ஜிங்க் ஆக்ஸைடோ உள்ள சன்ஸ்கிரீனும், சிலிக்கா பவுடரும் ஃப்ளாஷில் வெள்ளையடிக்கும். ஃப்ளாஷ் வைத்தால் அன்று வேண்டாம். முழங்கை, விரல் முட்டி, பாதம் ஆகியவற்றில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், கருப்புத் தோல் வறண்டால் அங்கேதான் சாம்பல் பூக்கும். நெற்றியில் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் கண்ணாடி) வைத்திருந்தால் ஒரு செய்தி: அது தோலின் பளபளப்பையும் பட்டின் கண்கூச்சத்தையும் குறைக்கும், ஆனால் ஜரிகை உலோகம் என்பதால் அதன் மினுக்கத்தை அவ்வளவாகத் தொடாது. காஞ்சிபுரம் பட்டுக்கு இது வரம். முழுக்கத் திருப்பிவிட்டால் முகத்தின் வடிவமும் போய்விடும், பாதி திருப்பினால் போதும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கட்டும் விதம், நிற்கும் விதம்

1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் புடவை கட்டி வீட்டுக்கு வீடு அனுப்பினார். பிறகு கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள் வந்தன. வெளிர் முகம், ஒருபக்கம் சாய்ந்த தலை, தாழ்ந்த பார்வை. துணிக்கடை விளம்பரம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஓவியத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பழக்கத்தால் ஃபோட்டோகிராபர் வாயில் தானாக வரும் “கொஞ்சம் வெட்கப்படுங்க” என்ற கட்டளையைத்தான் நிறுத்த வேண்டும். அதைக் கேட்ட மாடலின் தோள் உள்ளே குறுகும், முந்தானை மடங்கும், புட்டா தெரியாது.

பதிலாகக் கைக்கு வேலை கொடுங்கள். முந்தானையின் ஓரத்தைப் பிடித்து விரிப்பது, படியிறங்கும்போது கொசுவத்தைச் சற்றுத் தூக்குவது, பையைத் தோளில் மாட்டுவது, நாலு அடி நடந்து திரும்புவது. சும்மா தொங்கும் கையைவிட இவை துணியையும் காட்டும், பெண்ணையும் ஆளாகக் காட்டும். நின்ற படத்துக்குச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் திரிபங்கம் இன்றும் நல்ல பாடம்: எடை ஒரு காலில், இடுப்பு அந்தப் பக்கம், மார்பு எதிர்ப்பக்கம், தலை மறுபடி இந்தப் பக்கம். அந்த வளைவில் கரை கீழ்வரை ஒரே ஓட்டமாக ஓடும். அதிகம் வளைத்தால் இடுப்புதான் படமாகும், புடவை பின்னுக்குப் போகும்.

கேமராவின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். முழு உருவப் படத்துக்குக் கேமரா மாடலின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். முகம் மட்டும் என்றால் கண் உயரத்தில். மேலேயிருந்து கீழே பார்த்தால் வளர்ந்த பெண் சிறுமியாகிவிடுவாள், கொசுவம் குட்டையாகும். ஜாக்கெட் வேலைப்பாட்டைக் காட்டத் தலையை வெட்டி எடுக்கும் படத்தில் தையலோ எம்பிராய்டரியோ ஃபோகஸில் இருக்கிறதா, இல்லை உடம்புதான் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கும் பொருள் ஃபோகஸில் இல்லாத படம் கேட்டலாக்கில் எதற்கு?

முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்குவது பொதுவான வழக்கம். முன்னாலிருந்து மாடல் ஒல்லியாகத் தெரிவாள், புடவையோ உண்மையில் அப்படி விழாது. 5½ மீட்டர் புடவையில் ஒல்லியானவருக்கு ஏழு மடிப்புக் கொசுவம் வந்தால், இடுப்பு பெருத்தவருக்கு நான்கோ ஐந்தோதான் வரும், முந்தானையும் குட்டையாகும். வாங்குபவர் கேட்க நினைப்பது இதைத்தான். ஆகவே ஒரே புடவையை இரண்டு உடல்வாகில் கட்டி எடுங்கள். இருவரின் உயரத்தையும் படத்தின் கீழே போடுங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கிப் புடவையைப் பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி ஒரு படமாவது எடுக்க வேண்டும். அதன் அகலக் கரை அந்தக் கட்டுக்காகவே இருப்பது. மயில்கழுத்து மாதிரி ஊடும் பாவும் வேறு நிறமான துணிகளுக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று கட்டாயம். ஒற்றைப் படத்தில் இரண்டு சாயலும் வராது.

திருத்தம்

அடுத்த மாதம் போய்விடும் பரு, கீறல், கொசுக்கடி, பிரிந்த நூல், தூசி ஆகியவற்றை எடுக்கலாம். மச்சம், தழும்பு, கண்ணோரக் கோடு, இடுப்பின் பிரசவக் கோடு ஆகியவை அந்தப் பெண்ணுடையவை; அவர் கேட்டால் ஒழியக் கைவைக்க வேண்டாம். ஸ்மூத் ஸ்லைடர் பூஜ்ஜியம். தோலின் துளைகள் மறைந்தால் பட்டின் நெசவும் பக்கத்திலேயே மறையும், ஏனென்றால் மென்பொருளுக்கு இரண்டும் ஒரே மாதிரி நுண்புள்ளிகள்தான்.

முகத்தைக் கொஞ்சம் தூக்கியே ஆக வேண்டும் என்றால் முகம், கழுத்து, கை மூன்றையும் சேர்த்து, மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள். நிறத்தை மஞ்சளிலிருந்து ரோஸுக்குத் தள்ளக் கூடாது. பச்சைப் புடவையின் சாயல் தாடைக்கடியில் ஏறியிருந்தால் அதை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். சரிபார்க்க, கலர் செக்கர் படத்தில் இருந்த தோலையும் முடித்த படத்தின் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு நிஜப் புடவையை மானிட்டர் பக்கத்தில் அதே வெள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மானிட்டரின் பிரைட்னஸ் முழுக்க ஏற்றியிருந்தால் இந்த ஒப்பீடு வீண்.

லிக்விஃபை (படத்தின் பகுதிகளை இழுத்து வளைக்கும் எடிட்டிங் கருவி) வைத்து இடுப்பை ஒடுக்கினால் புடவையே காட்டிக்கொடுக்கும். கோபுரக் கரையின் முக்கோணங்கள் ஒரு இடத்தில் மட்டும் நெருங்கும், கட்டங்கள் வளையும், பின்னால் இருக்கும் கதவு நெளியும். பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல் மாடலின் உடலைக் கணினியில் ஒல்லியாக்கியோ பெருக்கியோ வெளியிடும் விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று போட வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை, வாடிக்கையாளரின் கண் இருக்கிறது. நிறத்தைப் பொறுத்தவரை இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2014-ஆம் ஆண்டு விதி, சிவப்பழகுப் பொருள் விளம்பரங்களில் கருப்பாக இருப்பவரைத் தாழ்ந்தவராகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்கிறது. துணிக்கடைக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது. ஆனால் “டல் ஸ்கின்னுக்கும் எடுக்கும்” என்று படத்தின் கீழே எழுதும் முன் அதை நினைத்துப் பார்க்கலாம்.

ஏஐ மாடலுக்குப் புடவை போர்த்தும் கருவிகளில் இரண்டு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். தோல் தானாக வெளிறும். புட்டாவும் கரை வடிவமும் கற்பனையாக மாறும். எடுத்த புடவையின் கரையில் ஒரு சாணுக்கு எத்தனை அன்னம் என்று எண்ணி, வந்த படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத படத்தைப் போட்டால் திரும்பி வரும் புடவைகளின் கூரியர் செலவு உங்களுடையது.

படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். இடது தோளில் இருக்கும் முந்தானை வலது தோளுக்குப் போகும், மூக்குத்தி பக்கம் மாறும், பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். வெளியிடும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB, இணையத்துக்கும் மொபைல்களுக்கும் பொதுவான நிற அமைப்பு) நிறவெளியில் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் சில மொபைல்களில் நிறம் செத்துத் தெரியும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

மாடலிடம் கையெழுத்து வாங்கும் தாளில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: படம் எங்கெங்கே வரும் (கடைத் தளம், இன்ஸ்டாகிராம், பேருந்தின் பின்பக்கம், ஹோர்டிங் என்று தனித்தனியாக), எவ்வளவு காலம், சம்பளம் எவ்வளவு, எந்தெந்தத் திருத்தம் செய்யப்படும். இப்போது ஐந்தாவதும் தேவை: இந்த முகத்தை ஏஐ கருவிக்குக் கொடுக்கலாமா கூடாதா. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து, பெற்றோர் அங்கேயே இருக்கவும் வேண்டும். உடை மாற்ற உள்தாழ்ப்பாள் போட்ட அறை, புடவை கட்டிவிட ஒரு பெண், கட்டி முடியும்வரை கேமராவுக்கு மூடி. படம் வெளியாகும் முன் இறுதிப் படத்தை மாடலுக்கு ஒருமுறை அனுப்புங்கள். தன் நிறம் மாறியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.